டாக்டரம்மா படிச்சுக்கிட்டிருக்காங்க

எங்கள் ஊரில் ஒரு பெண் கல்லூரியில் உயிரியல் பாடத்தில் சேர்ந்துவிட்டால் அன்று சாயங்காலமே அவள் டாக்டர். நடுவில் கிடக்கிற வருஷங்கள், பரீட்சைகள், மருத்துவக் கல்லூரி எல்லாம் வெறும் சடங்கு. டயர் கடைக்காரர் எவரார்தோவின் மூத்த மகள் சித்லாலிக்கு இப்படித்தான் பட்டம் கிடைத்தது. சேர்க்கைச் செய்தி வந்த வாரமே அவர் பெயிண்டரைக் கூப்பிட்டு, கடைப் பெயருக்குக் கீழே 'டாக்டரின் தந்தை' என்று எழுத வைத்துவிட்டார். எங்கள் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து பாதாம் லோடு ஏற்றி வந்த ஒரு டிரைவர், டயரில் ஆணி இறங்கி அங்கே வண்டியை நிறுத்தியபோது, ரத்த அழுத்தத்தையும் இங்கேயே பார்த்துவிடலாமா என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

நான் அந்தக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பெயர் ஒதிலியா. பாடம் நடத்துவதில்லை. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கென்று ஒரு மையம் இருக்கிறது, அங்கே ஆலோசகர். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த இரண்டு அறைகள்தான் மையம். ஷூ வாடை இன்னும் முழுதாகப் போகவில்லை. 'இது உங்கள் இடம்' என்று வாசலில் பெரிய துணிப் பதாகை தொங்கும். வாசலைக் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் அதைப் படிக்கலாம். நானும் எல்லை தாண்டி வந்து திராட்சை பறித்தவர்களின் மகள்தான், வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தவள். அதே கல்லூரியில் படித்தேன். அந்தக் காலத்தில் அந்த இரண்டு அறையில் பந்துகள்தான் இருந்தன.

சித்லாலிக்கு முதல் நோயாளி அவளுடைய மாமா சோன். அம்மா அம்பாரோவுக்கு மூத்த அண்ணன். டயர் கடையிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, கால் கட்டைவிரலை மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கல்லூரிக்குப் போய் அப்போது பத்து நாள்கூட ஆகியிருக்காது. அடுத்து பக்கத்து வீட்டு ஒப்துலியா ஒரு பை நிறைய மாத்திரைகளைக் கொண்டுவந்து கொட்டி, இதில் எந்த நிறம் நல்ல நிறம் என்று கேட்டார். ஒருவர் நொண்டுகிற சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். சண்டைக்குப் பழக்கிய சேவல் இல்லை என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்தார்.

எல்லாரிடமும் சித்லாலி சொன்னது ஒன்றுதான்: கிளினிக்குக்குப் போங்க. அதுவே அவளுக்குப் பெரிய பெயரை வாங்கிக் கொடுத்தது. மற்ற டாக்டர்கள் கையைத் தொட்டதும் கத்தியை எடுக்கிறார்கள், எவரார்தோ பெண்ணுக்கு எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நேர்மையான டாக்டர் வேதியியலில் முதல் பரீட்சையில் தேறவில்லை. இப்படி யாராவது சறுக்கினால் எங்கள் கணினியில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி முளைக்கும். நான் கூப்பிட்டேன். வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கார்ச் சாவி கையிலேயே இருந்தது. அத்தை காரில் காத்திருப்பதாகவும் அவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போக வேண்டும் என்றும் சொன்னாள்.

எப்போது படிக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"சிக்னல்ல, மிஸ்."

"என்னது?"

"சிக்னல்ல சிவப்பு விழும்போது. பக்கத்து சீட்லயே புஸ்தகத்தைத் திறந்து வச்சிருப்பேன்."

சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. காலையில் அப்பாவோடு போய்க் கடையைத் திறக்க வேண்டும், பில் போட வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, கிளினிக்கில் அவளுக்காக ஆங்கிலம் பேச வேண்டும். தம்பிகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும். மீதி நேரத்தில் ஊரிலிருக்கிற அத்தனை பேரின் விண்ணப்பங்களையும் நிரப்ப வேண்டும். இத்தனைக்கும் எங்கள் ஊரில் சிக்னலே குறைவு.

உன் பேராசிரியர் ஹால்வர்சன் மாணவர்களைச் சந்திக்கிற நேரத்தைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறாரே, போய்ப் பார்த்தாயா என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

"அந்த நேரத்துல அவர் வேலையா இருப்பார்னுதானே மிஸ் எழுதி ஒட்டியிருக்கார்? அப்பப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான் அந்தப் பக்கமே போறதில்ல."

இதை வருஷா வருஷம் கேட்கிறேன். அந்த நேரம் உனக்காகத்தான், அவர் உனக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்வதே என் வேலையில் பாதி. யாரும் நம்புவதில்லை. அவளும் நம்பவில்லை. போகிறேன் என்றாள், போகவில்லை. வீட்டில் சொல் என்றேன். எங்க கடை போர்டைப் பார்த்தீங்களா மிஸ் என்று மட்டும் கேட்டுவிட்டு, அத்தை ஹார்ன் அடிக்கவும் ஓடினாள். இரண்டாவது பரீட்சையிலும் கொடி முளைத்தது.

அந்த மாதம்தான் சோன் மாமாவின் மகள் தாமாரிஸுக்குப் பதினைந்தாம் வயது விழா. எங்கள் ஊரில் இந்த விழாவை ஒரு குடும்பம் மட்டும் நடத்திவிட முடியாது. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், இசைக்கு ஒரு ஞானத்தந்தை, கிரீடத்துக்கு ஒருத்தர் என்று ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். என்னைக் காகிதக் கைக்குட்டைகளுக்கு ஞானத்தாயாக்கியிருந்தார்கள். ஆகவே முன்வரிசையில் இடம்.

சோன் மாமா அன்று ஆளே மாறியிருந்தார். பழைய கோட்டு, ஆனால் தொப்பையைக் காணோம். எல்லாரும் அதிசயப்பட்டார்கள். ஆட்டிறைச்சியை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, மகளோடு ஆட வேண்டிய ஆட்டத்தை ஆடி முடித்து, போதாதென்று மனைவியையும் இழுத்துக்கொண்டு பித்தளைக் குழல்கள் அலறும் பாண்டா இசைக்குத் துள்ளத் தொடங்கினார். மூன்றாவது பாட்டில் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போயிற்று. அப்படியே சாய்ந்து பலூன் வளைவின் மேல் விழுந்தார். பலூன்கள் வெடித்த சத்தத்தில் துப்பாக்கி என்று நினைத்துப் பாதிப் பேர் மேஜைக்கடியில் போய்விட்டார்கள்.

பாட்டுப் போடுகிற இளைஞன் மைக்கில் டாக்டர், டாக்டர் என்று கூவினான். கூட்டம் சித்லாலியைத் தோளோடு தோளாகத் தள்ளி முன்னால் கொண்டுவந்து விட்டது. அவள் மண்டியிட்டு, விலகி நில்லுங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்றாள். மாமாவின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். மூச்சு வருகிறதா என்று வயிற்றில் கையை வைத்தவள் திகைத்துப் போனாள். வயிறு மரப்பலகை மாதிரி இருந்தது. சட்டையைத் தூக்கினால், மார்பிலிருந்து இடுப்பு வரை வரிசையாகக் கொக்கி போட்ட, தோல் நிறத்தில் ஒரு பெண்கள் இடுப்புக் கச்சை.

கொக்கிகளைச் சடசடவென்று கழற்றினாள். ஒளிந்திருந்த தொப்பை வெளியே வந்தது. சோன் மாமா கிணற்றிலிருந்து ஏறி வந்தவர் மாதிரி ஒரு மூச்சு இழுத்துக் கண்ணைத் திறந்தார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது.

"அது என்னோடது. ஒரு வாரமாத் தேடுறேன்."

மண்டபமே கைதட்டியது. டாக்டரம்மா, டாக்டரம்மா என்று கத்தினார்கள். பாட்டுக்காரன் வெற்றி முழக்கம் போட்டான். யாரோ மைக்கைக் கொண்டுவந்து சித்லாலியின் கையில் திணித்தார்கள். எவரார்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துக்கொண்டே போனது. இன்னொரு ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டியிருக்குமோ என்று பயந்தேன்.

"நான் டாக்டர் இல்ல," என்றாள். மைக் கீச்சிட்டது. "கச்சையைக் கழட்டுறது யாரு வேணும்னாலும் செய்யலாம். நான் வேதியியல்ல ஃபெயில். ரெண்டு பரீட்சையிலயும். என்னால முடியல. அப்பா, எனக்கு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எவரார்தோ மெதுவாக நடந்து வந்து மகளின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அடிக்க மாட்டார் என்று தெரியும், ஆனால் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போன வாரம் என் பொண்ணை ஏதாவது வேலைக்குக் கூப்பிட்டவங்க எல்லாம் கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. அவர் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஒப்துலியாவின் கை எழுந்தது. அப்புறம் கண்ணாடிக் கடை அத்தை. நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்கவைத்திருந்த சோன் மாமா, படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினார். சேவல்காரர். பாதிரியாரின் உதவியாளர். பெரிய நீலக் கவுனுக்குள் உட்கார்ந்திருந்த தாமாரிஸ், நடன ஒத்திகைக்குக் கூட்டிப் போய் வந்ததற்காக. கடைசியில் பாட்டுக்காரனும் தூக்கினான். லைசென்ஸ் புதுப்பிக்க அவள்தான் உதவினாளாம்.

"பாத்தீங்களா," என்றார் எவரார்தோ.

அம்பாரோ மேஜையை விட்டு எழுந்தாள். "நீங்களும் தூக்குங்க."

"நானா?"

"காலையில கடையைத் திறக்கிறது யாரு? பில்லு போடுறது யாரு?"

எவரார்தோ மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். தூக்கியபடியே, "அப்ப நீயும் தூக்கு. கிளினிக்ல உனக்கு இங்கிலீஷ் பேசுறது யாரு, நானா?" என்றார். அம்பாரோவும் தூக்கினாள். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் கையை உயர்த்தியபடி, ஏதோ தேர்தலில் ஏகமனதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்த மாதிரி நின்றோம். நானும் தூக்கியிருந்தேன். மையத்தில் நாற்காலி எடுத்து அடுக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். அத்தனை கைகளையும் பார்த்து, இதில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார்கள்.

விழா தொடர்ந்தது. எவரார்தோ என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருக்குக் கல்லூரியில் வேலை பார்க்கிற எல்லாருமே டீச்சர்தான், தோட்டக்காரர் உட்பட. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்துகொண்டு கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க டீச்சர். பொண்ணு மக்கா?"

"மக்கு இல்ல எவரார்தோ ஐயா. நேரம் இல்ல. படிக்க நேரமே இல்ல."

அவர் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லையே என்று அவர் முனகியது, மகளைக் குறை சொல்கிற குரலில் இல்லை.

திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு அம்பாரோவோடு மையத்துக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கையில் தொப்பி. அந்தப் பேராசிரியரைப் பார்க்க வேண்டுமாம். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோரிடம் பேசக் கல்லூரிக்குச் சட்டப்படி அனுமதி இல்லை என்று விளக்கினேன்.

"மார்க்கைப் பத்தி நான் கேக்கவே போறதில்ல. வேதியியல்னா என்னன்னு கேக்கணும். அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சாத்தானே எவ்வளவு நேரம் ஒதுக்கணும்னு தெரியும்?"

இதற்கு எதிராக எந்தச் சட்டமும் இல்லை. அழைத்துப் போனேன்.

ஹால்வர்சன் மினசோட்டாக்காரர். ஒல்லியாக, உயரமாக, வீட்டை மறந்துவிட்ட கொக்கு மாதிரி இருப்பார். சந்திப்பு நேரத்தில் தவறாமல் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பருவம் முழுக்க உள்ளே வந்தது ஒரே ஒரு மாணவன், அவனும் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவன். எவரார்தோவின் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்ன தொழில் என்று விசாரித்தார். டயர் என்றதும் துள்ளி எழுந்து கரும்பலகைக்குப் போய்விட்டார்.

ரப்பர் மரத்துப் பாலிலிருந்து ஆரம்பித்தார். நீளநீளமான சங்கிலிகள் வரைந்தார். சங்கிலிகளுக்குக் குறுக்கே கந்தகம் வந்து கைகோத்தது. சூடு ஏறியது. பலகை நிறைந்தது, அழித்தார், மறுபடியும் நிறைந்தது. நான் கொஞ்ச தூரம் மொழிபெயர்த்துப் பார்த்தேன். பிறகு 'கந்தகம்', 'மறுபடியும் கந்தகம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்பாரோ மரியாதையாகக் கண்ணைத் திறந்தபடியே தூங்கினாள். எவரார்தோ மட்டும் தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டரிடம் உட்கார்ந்தவர் மாதிரி அசையாமல் இருந்தார். முடிந்ததும் ஹால்வர்சன் அவர் கையைக் குலுக்கி, இத்தனை கவனமாகக் கேட்கிற ஆளைப் பார்த்து வெகுநாளாயிற்று என்றார்.

வெளியே வந்து, மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, எவரார்தோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வருஷமா டயர் மாத்துறேன். அதுக்குள்ள இவ்வளவு நடக்குதா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நானா இருந்தா முதல் நாளே ஜன்னல் வழியாக் குதிச்சு ஓடியிருப்பேன் டீச்சர். இதை என் பொண்ணு தினமும் கேட்டுட்டு வந்து, எனக்குப் பில்லும் போட்டிருக்கா."

அந்தப் பருவத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த பருவத்தில் வேதியியலை மறுபடி எடுப்பது என்று முடிவாயிற்று. மறுநாளே எவரார்தோ கடையின் பின்னறையைக் காலி செய்து, சத்தம் வராமலிருக்கச் சுற்றிலும் கூரை வரை டயர்களை அடுக்கி, நடுவில் ஒரு மேஜை போட்டார். மகளின் தொலைபேசியை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் வந்தாலும், எழுந்து நின்று ஒரே பதில்தான்.

"டாக்டரம்மா படிச்சுக்கிட்டிருக்காங்க."

சத்தம் போடுகிற காற்றுத் துப்பாக்கியால் நட்டு கழற்றக் கூடாது என்று உத்தரவு. வேலைக்காரர்கள் கையால் ஸ்பேனர் போட்டுத் திருகினார்கள். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள். எவரார்தோ உதட்டில் விரலை வைத்து அவர்களையும் அடக்கினார். ஒப்துலியா மாத்திரைப் பையோடு வந்து, கடை வாசலில் சைகையிலேயே திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

இரண்டே வாரத்தில் சித்லாலி என் அறைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், என்னைக் காப்பாத்துங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து 'படிக்கிறியா மகளே'ன்னு கேக்கிறார். படிக்கிறேன்னு சொல்றதுக்கே நேரம் சரியாப் போகுது."

மையத்தில் ஒரு மூலையைக் கொடுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்து அதே பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காவ்நூ, தென்கிழக்கு ஆசிய மலைகளிலிருந்து வந்து குடியேறிய மோங் இனக் குடும்பத்துப் பெண். செர்ரித் தக்காளியும் எலுமிச்சைப் புல்லும் பயிரிடுகிறவர்கள். அவளும் வீட்டில் டாக்டர்தான். முதல் நாள் இருவரும் வேதியியலைத் தொடவே இல்லை, மாமன்மார்களை ஒப்பிட்டார்கள். சித்லாலி கட்டைவிரலைச் சொன்னாள். காவ்நூவுக்கு முழங்கால் காட்டுகிற பெரியப்பாக்கள் நான்கு பேர். சித்லாலி தோல்வியை ஒப்புக்கொண்டாள். மறுநாள் புத்தகத்தைத் திறந்தார்கள். புதன்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஹால்வர்சனின் அறைக்குப் போனார்கள். அவர் முதல் நாள் கூடுதல் நாற்காலி தேடிக் கட்டடம் முழுக்க அலைந்ததாகக் கேள்வி.

மகள் படிக்கிறாளா என்று கேட்டு எவரார்தோ எனக்குத் தினமும் தொலைபேசினார். படிக்கிற நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோமே என்றேன். "அவளையா கூப்பிட்டேன்? உங்களைத்தானே கூப்பிட்டேன்," என்றார். ஒருநாள் காவ்நூவின் அப்பா டிரக்குக்குப் பஞ்சர் ஒட்ட வந்தபோது, யார் என்று தெரிந்துகொண்டு அவரையும் விடவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கைகளும். பஞ்சர் ஒட்டி முடிந்தும் நெடுநேரம் கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, தினமும் போய்க்கொண்டிருந்த தக்காளிச் சந்தைக்குக் காவ்நூ சனிக்கிழமை மட்டும் போனாள்.

வசந்தத்தின் முடிவில் சித்லாலி வேதியியலில் பி கிரேடு வாங்கினாள். காவ்நூ அதைவிடக் கொஞ்சம் அதிகம். சித்லாலி என் அறைக்குள் வந்து, முதன்முறையாகச் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை நகர்த்தி வைத்தேன். அவள் அதை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, கோடையில் ஹால்வர்சனின் ஆய்வகத்தில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், கிணற்று நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கிற வேலை, அது மருத்துவத்தை விடப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். பயப்படுவதற்கு இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலக் கூட்டம் நடத்தினோம். எங்கள் இயக்குநர் படங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த ஒரு நீண்ட விளக்கத்தைத் தயாரித்து வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேச எவரார்தோவைக் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்பாரோ சொன்னாள். மேடையில் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று இரண்டு முறை குழம்பினார்.

"எனக்குப் பேச வராது," என்று ஆரம்பித்தார். "உங்க பிள்ளைங்க வீட்டுல ஒரு புஸ்தகத்தை வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருப்பாங்க. பாத்தா சும்மா இருக்கிற மாதிரியே இருக்கும். நம்ம வேலையில உக்காந்தா வேலை இல்லைன்னு அர்த்தம். அதனால உடனே ஒரு வேலை சொல்லணும்னு நமக்கு வாய் துறுதுறுங்கும். சொல்லாதீங்க. அவங்க சும்மா இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு நான் ஒரு தடவை போய்க் கேட்டுட்டு வந்தேன், ஒண்ணும் புரியல. புரியாததனாலதான் சொல்றேன், கூப்பிடாதீங்க."

கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கந்தகம் பற்றிக்கூட ஏதோ சொன்னார், தப்பாக. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹால்வர்சனுக்கு ஸ்பானிஷ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. இயக்குநரின் அம்புக்குறிகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தாய் தகப்பன்கள் எவரார்தோவைச் சூழ்ந்துகொண்டு, என் பையன் ராத்திரி வேலைக்குப் போகிறானே என்ன செய்யலாம், என் பெண் வீட்டுக்கே வருவதில்லையே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் என் பக்கம் கை காட்டினார்.

கடைசி ஆளும் போன பிறகு, சித்லாலி எங்கே, அப்பா பேச்சைக் கேட்க வரவில்லையா என்று விசாரித்தேன்.

"வரல. ஆய்வகத்துல ஏதோ பாதியில இருக்காம், விட்டுட்டு வர முடியாதாம். நான்தான் வராதேன்னேன். படிப்புன்னா படிப்பு." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு தடவை வாசலைப் பார்த்தார். "நிஜமாவே வராம இருந்துட்டா பாருங்க, டீச்சர்."

அம்பாரோ அவர் முழங்கையைப் பிடித்துக் கார் இருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.